பேர் தெரியாத 43 போட்டோ

நாங்க செஞ்ச பெரிய பிழையில இருந்தே தொடங்குறன்: பழைய போட்டோக்கள ஸ்கேன் பண்ணினம், அதில இருக்கிறது ஆர் ஆரெண்டு உடன கேக்கல்ல. இதே வேலையில இறங்கப் போற தம்பி தங்கச்சிமார் ஆராவது வாசிச்சா அதையாவது செய்யாம இருக்கட்டும்.

நான் வந்தாறுமூலை கம்பஸ், அதான் மட்டக்களப்பில இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகம். கடைசி வருஷ ப்ரொஜெக்டுக்கு எங்கட குரூப்பில அஞ்சு பேர். மட்டக்களப்பு டவுனில இருக்கிற புளியந்தீவில வீடு வீடாக் கிடக்கிற பழைய போட்டோ, கடிதம், கல்யாணக் காட், கொப்பி எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி வைப்பம் எண்டு முடிவெடுத்தம். அங்க இருக்கிற கோட்டையப் பத்திச் செய்யுங்க எண்டும் சிலர் சொன்னாங்கதான். ஆனா கோட்டைய 1628ல போத்துக்கேயர் கட்டினாங்க, 1638ல ஒல்லாந்தர் புடிச்சாங்க எண்டதெல்லாம் எந்தப் புத்தகத்தத் திறந்தாலும் கிடக்கு. அந்தக் கோட்டையச் சுத்தி இருந்த ஒழுங்கையில ஆர் கடை வச்சிருந்தது, ஆர்ர வீட்டுத் திண்ணையில சனம் கூடினது, அது எங்கயும் இல்ல. எனக்குச் சொந்தக் காரணமும் ஒண்டு இருக்கு. எங்கட வீடு கல்லடியில, கடலுக்குக் கிட்ட. 2004 டிசம்பர் 26க்கு முந்தின போட்டோ ஒண்டுகூட எங்களிட்ட இல்ல, அம்மாட கல்யாண ஆல்பமும் சுனாமியோட போயித்து. எனக்கு அப்ப மூண்டு வயசு. சின்னதில நான் எப்பிடி இருந்தனெண்டு அம்மா சொல்லித்தான் தெரியும்.

முதல்ல ஒரு அலுவலகத்தில பழைய பதிவுப் புத்தகங்களப் பாக்கக் கேட்டுப் போனம். கம்பஸால கடிதம் கொண்டு வாங்க எண்டாங்க, கொண்டு போனா சீல் இல்லையாம், சீலோட போனா அந்த மேசைக்காரர் லீவாம். மூணு தரம் அலைஞ்சித்து விட்டிட்டம்.

முதல் வீடு ஒரு ரிட்டயர் வாத்தியார்ர. பிஸ்கட் டின் நிறையப் போட்டோ, 61 இருந்திச்சி. "பத்திரமாக் கொண்டு போய்த்துத் தாங்க மக்காள்" எண்டு டின்னோடயே தந்தார். நாங்க ரெண்டு நாள் போடிங் ரூமில இருந்து 600 டிபிஐயில (அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாத டிஃப் ஃபைலா வடிவா ஸ்கேன் பண்ணி, நம்பர் போட்டு, டின்னத் திருப்பிக் குடுத்தம். ஆர் ஆரெண்டு மறுகா ஆறுதலா வந்து கேப்பம் எண்டு நினைச்சம். சோதனை வந்திச்சி, மழை வந்திச்சி, ரெண்டரை மாசம் போயித்து. திரும்பிப் போகக்குள்ள ஐயா பாரிசவாதம் வந்து படுக்கையில. ஒரு போட்டோவக் கையில குடுத்தன், இடக்கையால வாங்கி நெஞ்சில வச்சார், கண்ணால தண்ணி ஓடுது, ஆளத் தெரியுது அவருக்கு, ஆனா பேச்சு வரல்ல. மகனுக்கு 18 போட்டோவில உள்ளாக்களத்தான் தெரியும். மிச்சம் 43.

அண்டையில இருந்து ஸ்கேனர் பிறகு, ஃபோனில ரெக்கோர்டர்தான் முதல். போட்டோவ ஆளுக்கு முன்னால வச்சித்து, "இது எந்த இடம்?" எண்டு ஒரு கேள்வி கேட்டுப்போட்டு வாயப் பொத்திக்கொண்டு இருக்கோணும். இடையில நாம பேசினா அவங்க நிப்பாட்டிருவாங்க. ஒரு பெத்தா, வளவுக்குள்ள நாலு பேர் நிக்கிற போட்டோவப் பாத்துத்து ஆக்களச் சொல்லவே இல்ல, பின்னால இருந்த மரத்தில விரல வச்சி, "இது சூறாவளிக்கு முந்தி மனே, இந்தப் பலா அண்டைக்கு ராவுதான் எங்கட குசினிக்கு மேல விழுந்த" எண்டா. சூறாவளி 1978 நவம்பர் 23. ஒரு மரத்தால போட்டோட காலம் புடிபட்டுத்து. கடிதமெண்டா முத்திரையப் பாப்பம்: ஆறாம் ஜோர்ஜ் மன்னர்ர தலை இருந்தா 1936க்குப் பிறகு, சிலோன் எண்டு இருந்தா அநேகமா 1972க்கு முந்தி.

ஒரு பறங்கியர் வீட்டில, போத்துக்கேயர் ஒல்லாந்தர் வழி வந்த ஆக்கள், கல்யாணத்தில வயலினோட கஃப்ரிஞ்ஞா எண்ட அவங்கட ஆட்டம் ஆடுற போட்டோ இருந்திச்சி. அந்த அங்கிள் தமிழிலதான் கதைச்சவர், ஆனா படத்தில இருந்த அவர்ர அம்மாவப் பத்திச் சொல்லக்குள்ள தன்ன அறியாமலே அவங்கட போத்துக்கேயப் பாஷைக்கு மாறிட்டார். எங்களுக்கு ஒரு சொல்லும் விளங்கல்ல, ஆனா ரெக்கோர்ட நிப்பாட்டல்ல. அந்தப் பாஷை கதைக்கிற ஆக்கள் எங்கட ஊரில இப்ப கொஞ்சப் பேர்தான்.

இதக் கேள்விப்பட்டு, கம்பஸுக்குக் கிட்ட இருக்கிற ஒரு அண்ணாவியார், கூத்துப் பழக்கிறவர், தன்ர கூத்துக் கொப்பியையும் பாக்கச் சொன்னார். வடமோடிக் கூத்து, எங்கட பக்கத்துக் கூத்தில ஒரு வகை. ஓரமெல்லாம் இராமபாணப் பூச்சி அரிச்சி, தாள் முறுகின அப்பளம் மாதிரி. வீட்ட விட்டு வெளியில தரமாட்டன் எண்டுத்தார், அதுவும் நியாயம்தான். அதால விறாந்தையில கறுப்புத் துணி விரிச்சி, பக்கத்தில அடிமட்டம் வச்சி, ஃப்ளாஷ் போடாம வெயில் நேரா விழாத வெளிச்சத்தில ஃபோனாலயே எடுத்தம். எடுக்கக்குள்ளதான் கண்டன், கொப்பியில பாதித் தருவுக்கு (கூத்துப் பாட்டு) முதல் அடி மட்டும்தான் எழுதிக் கிடக்கு. "மிச்சம் என்னத்துக்கு எழுதுற, எனக்குத் தெரியும்தானே" எண்டார். அந்தக் கொப்பிய ஸ்கேன் பண்ணி வச்சித்து கூத்தக் காப்பாத்தித்தம் எண்டு சொல்லியிருந்தா அது பெரிய பொய். பக்கத்துக்குப் பக்கம் அவர் பாடப் பாட ரெக்கோர்ட் பண்ணினம், மூணு பின்னேரம் போனது. அவர்ர மருமகள் ஒவ்வொரு நாளும் பிளேன்டீயும் அவிச்ச மரவள்ளியும் தந்தவ.

மத்த விசயங்களையும் சுருக்கமாச் சொல்லிர்றன். ஆல்பத்தில ஒட்டின போட்டோவ உரிக்காதீங்க, பக்கத்தோட எடுங்க. கிழிஞ்ச தாளுக்கு செலோடேப் ஒட்டவே வேணாம், லெமினேட்டும் வேணாம். ஒரு ஃபைல மூணு இடத்தில வைங்க, எங்களுக்கு லெப்டொப், ஹார்ட் டிஸ்க், ட்ரைவ். வீட்டுக்காரர்ட ஒப்புதல எழுத்தில வாங்குங்க, எத வெளியில காட்டலாம், எத வைக்க மட்டும் செய்யலாமெண்டு பிரிச்சிக் கேளுங்க. எங்கட நாட்டில எழுதினவர் செத்து 70 வருஷம் வரைக்கும் பதிப்புரிமை இருக்கு, அதால கொப்பி கவிதையெல்லாம் கேக்காமப் போடேலா. ஓமெண்டு சொன்ன வீட்டுச் சாமான்கள நூலகம் நிறுவனத்துக்குக் குடுக்கப் போறம். 2005ல இருந்து எங்கட ஆக்கள்ர புத்தகம் பேப்பரெல்லாம் சேத்து வைக்கிற இடம் அது.

ப்ரொஜெக்ட் குடுத்து முடிஞ்சிது, மாக்ஸும் வந்திட்டு. அந்த 43ஐயும் பிரின்ட் எடுத்து ஒரு ப்ளாஸ்டிக் ஃபைலில போட்டு இன்னும் கொண்டு திரியிறன். கோயிலடி, சந்தையடி, வயசான ஆக்கள் இருக்கிற இடமெல்லாம். இதுவரைக்கும் 12க்குப் பேர் கிடைச்சிருக்கு. போன கிழமை ஒரு தையல்கட மாமாட்ட காட்டினன். 17ஆம் நம்பரக் கண்டதும் மெஷின்ல இருந்து கால எடுத்துத்து, கண்ணாடியக் கழட்டித் துடைச்சிப் போட்டுப் பாத்தார்.

"இவன் எனக்குத் தையல் பழக்கினவன்ட தம்பியெல்லோ, இரி புள்ள, இரி" எண்டார்.

நான் ஃபோன எடுத்து ரெக்கோர்ட அமத்திப்போட்டு, வாயப் பொத்திக்கொண்டு இருந்தன்.