கீமோவும் இதயமும்: எக்கோ படிக்கிறவர்களுக்கு ஒரு வைவா வழிகாட்டல்

பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டு பி.சி.வி.டி. (இதயப் பரிசோதனைத் தொழில்நுட்பப் பட்டப்படிப்பு) சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன், மற்றவர்களும் படிக்கலாம். கடைசி வருஷ வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், எனக்கு வந்த கேள்வி இது: கீமோ மருந்தால் இதயம் கெடுவதை எக்கோவில் (இதயத்துக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) எப்படிக் கண்டுபிடிப்பாய்?

நிறைய பேர் மருந்துப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். வேண்டாம். இரண்டு மருந்தை ஒழுங்காகப் படித்தால் போதும், மற்றதெல்லாம் அதிலிருந்து பிடித்துக்கொள்ளலாம். முதலாவது டாக்ஸோரூபிசின், நோயாளிகள் சிவப்பு மருந்து என்று சொல்வது. இதில் மொத்தமாக உடம்புக்குள் போன அளவுதான் கணக்கு. 2003-இல் வந்த ஸ்வெய்ன் ஆய்வில் சதுர மீட்டருக்கு 400 மில்லிகிராமில் சுமார் 5 சதவீதம் பேருக்கு இதயச் செயலிழப்பு, 550-இல் 26 சதவீதம். மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமாக 60 வீதம் நாலு தடவை, மொத்தம் 240 தானே, அப்புறம் எதற்கு எக்கோ என்று எதிர்க்கேள்வி வரும். வயது, பிரஷர், சர்க்கரை, ஏற்கெனவே இருக்கும் இதயக் கோளாறு, இடது நெஞ்சில் கொடுத்த ரேடியேஷன், இதெல்லாம் இருந்தால் குறைந்த அளவிலேயே பாதிப்பு வரலாம் என்று சொல்லுங்கள். இரண்டாவது ட்ராஸ்டுசுமாப், ஹெர்-2 வகை மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுப்பது. இதில் மொத்த அளவு பெரிய விஷயமில்லை, மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் இதயம் தேறிவிடும். அதனால்தான் மருந்து ஓடுகிற காலம் முழுக்க மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோ. 5-எஃப்.யூ. என்ற கீமோ மருந்து வேறு கதை, அது ரத்தக்குழாயைச் சுருங்க வைத்து நெஞ்சுவலி கொடுக்கும், அங்கே முதலில் எடுக்க வேண்டியது ஈ.சி.ஜி.

இனி எண்கள். பலர் தடுமாறுவது இங்கேதான். இ.எஃப். என்பது ஒவ்வொரு துடிப்பிலும் இதயத்தின் இடது கீழறை எத்தனை சதவீத ரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்ற அளவு, அது குறைவதைப் புள்ளியில் சொல்கிறோம்: 10 புள்ளி இறங்கி 50-க்குக் கீழே போனால் பாதிப்பு. ஜி.எல்.எஸ். என்பது இதயத் தசை நீளவாக்கில் எவ்வளவு சுருங்குகிறது என்ற ஸ்ட்ரெயின் அளவு, சுருங்குவதால் மைனஸில் வரும். அது குறைவதை அந்த ஆளுடைய பழைய அளவின் சதவீதமாகச் சொல்கிறோம், 15-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். முன்பு மைனஸ் 20, இப்போது மைனஸ் 16.5 என்றால் குறைவு 17.5 சதவீதம், பாதிப்புதான். முன்பு மைனஸ் 18, இப்போது மைனஸ் 16 என்றால் 11 சதவீதம்தான், அதை வைத்து முடிவு கட்ட முடியாது. 2டி-யில் எடுக்கும் இ.எஃப். ஒரே ஆளுக்கே தடவைக்குத் தடவை 10 புள்ளி வரை ஆடும். இ.எஃப். இறங்கும் முன்பே ஜி.எல்.எஸ். காட்டிக்கொடுத்துவிடும் என்பதால்தான் அதற்கு இவ்வளவு மரியாதை.

ஆக எல்லாமே கீமோவுக்கு முன்னால் எடுத்த எக்கோவில் வந்து நிற்கிறது. நம் பக்கத்துச் சிக்கலும் அதில்தான். சிகிச்சை கோயம்புத்தூரில், தொடர் எக்கோ பாலக்காட்டிலோ திருச்சூரிலோ. இன்டர்ன்ஷிப்பில் ஒரு அக்கா மஞ்சப்பை நிறைய ரிப்போர்ட்டோடு வந்தார். "ஊசி போடறதுக்கு முன்னாடி எடுத்த எக்கோ எங்கீங்க்கா?" என்று கேட்டால், "அத அவங்களே வாங்கி வெச்சுட்டாங்க கண்ணு" என்றார். கையிலிருந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் இ.எஃப். 62 என்று ஒரு வரி மட்டும், ஸ்ட்ரெயின் இல்லை, எந்த மெஷின் என்றும் இல்லை. ஒரு கம்பெனி மெஷினின் ஜி.எல்.எஸ்.ஸை இன்னொரு கம்பெனி மெஷினோடு ஒப்பிடக் கூடாது என்று புத்தகத்தில் ஒரு வரியாகத்தான் இருக்கும், எல்லைப் பக்கத்தில் வேலை பார்த்தால் அதுதான் பாதி வேலை. ரிப்போர்ட்டில் மெஷின் பெயரும் அன்றைய பிரஷரும் எழுதும் பழக்கம் இப்போதே வரட்டும். பிரஷர் ஏறினால் ஸ்ட்ரெயின் அளவும் மாறும்.

பிராக்டிகலில் மூன்று ஏபிகல் வியூ (இதயத்தின் நுனிப் பக்கமிருந்து எடுக்கும் படம்), மூச்சை அடக்கச் சொல்லி, ஃப்ரேம் ரேட் 50-க்குக் குறையாமல். இடது மார்பகம் எடுத்தவர்களுக்கு ப்ரோப் வைக்கிற இடத்திலேயே தழும்பு வலிக்கும். அழுத்தாதீர்கள், ஜெல்லைத் தாராளமாகப் போடுங்கள். படம் சரியாக வராவிட்டால் வரவில்லை என்றே எழுதுங்கள், இல்லாத எண்ணை உருவாக்க வேண்டாம்.

தடுப்பு பற்றி ரொம்ப ஆழம் போக மாட்டார்கள். பிரஷர், சர்க்கரைக் கட்டுப்பாடு, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு ஏ.சி.இ. தடுப்பான், பீட்டா பிளாக்கர், டாக்ஸோரூபிசினுக்கு முன்னால் கொடுக்கும் டெக்ஸ்ராசாக்சேன், இவை போதும். ஸ்டாட்டின் (கொலஸ்ட்ரால் மருந்து) பற்றிக் கேட்டால் இரண்டு பக்கமும் சொல்லுங்கள்: லிம்ஃபோமா நோயாளிகளிடம் நடந்த ஸ்டாப்-சி.ஏ. சோதனையில் அடோர்வாஸ்டாட்டின் பலன் தந்தது, பெரும்பாலும் மார்பகப் புற்றுநோயாளிகளை வைத்து நடந்த ப்ரிவென்ட் சோதனையில் தரவில்லை.

கடைசியாக ஒரு கொக்கி போடுவார்கள்: ஜி.எல்.எஸ். குறைந்திருக்கிறது, இ.எஃப். 55, கீமோவை நிறுத்தச் சொல்வாயா? இல்லை என்று சொல்லுங்கள். அறிகுறி இல்லாமல் இ.எஃப். 50-க்கு மேல் இருந்தால் பொதுவாகக் கீமோ தொடரும், இதய மருந்து சேர்ப்பதைப் பற்றி யோசிப்பார்கள், ட்ரோபோனின் (இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்ப்பார்கள், எக்கோவைச் சீக்கிரம் திரும்ப எடுப்பார்கள். முடிவு புற்றுநோய் டாக்டரும் இதய டாக்டரும் சேர்ந்து எடுப்பது. நம் வேலை, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி அன்றைக்கே டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்வது.