ஒரே வாழ்க்கையை மூன்று முறை எழுதியவர்

பிப்ரவரி 2, ஞாயிறு

இந்த இரண்டு வாரங்களில் ஒரே மனிதரின் வாழ்க்கையை மூன்று முறை படிப்பது என்று தீர்மானித்திருக்கிறேன். அமெரிக்காவின் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்து, 1838 செப்டம்பர் 3ஆம் நாள் தப்பிச் சென்று, பின்னர் அந்நாட்டின் பெரும் பேச்சாளர்களுள் ஒருவராக உயர்ந்த பிரெடரிக் டக்ளஸ், தம் வரலாற்றை 1845, 1855, 1881 ஆகிய ஆண்டுகளில் மூன்று தனி நூல்களாக எழுதினார். பட்ட துன்பம் ஒன்றே. அதைச் சொல்லும் ஆள் மட்டும் நூலுக்கு நூல் மாறுகிறார். அந்த மாற்றத்தைத்தான் பார்க்க விரும்புகிறேன்.

முதல் நூலின் முதல் பத்தியிலேயே நின்றுவிட்டேன். தமக்கு என்ன வயது என்று தெரியாது என்பதிலிருந்துதான் அவர் தொடங்குகிறார். அடிமைகளுக்கு நடவுக் காலம், அறுவடைக் காலம், செர்ரி பழுக்கும் காலம் என்பதற்கு மேல் பிறந்த நாள் கிடையாது. எசமானிடம் கேட்பதும் அதிகப்பிரசங்கித்தனம். 1835இல் எசமான் ஒருவர் தம்மைப் பற்றி ஏறத்தாழப் பதினேழு வயது என்று சொன்னது காதில் விழுந்ததை வைத்தே தம் வயதை அவர் கணக்கிட்டுக் கொள்கிறார். என் பாட்டிக்கும் பிறந்த தேதி தெரியாது. ஆனால் அறுப்புக்கு முந்தைய அமாவாசையன்று பிறந்தவள் என்று அவளிடம் சொல்ல அவளுக்குத் தாய் இருந்தாள். டக்ளஸுக்கு அப்படிச் சொல்லவும் ஆளில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

நேற்றிலிருந்து ஒரே ஒரு வாக்கியம் என்னை விடாமல் பற்றியிருக்கிறது. சிறுவனாக இருந்தபோது கோடையிலும் குளிரிலும் முழங்கால் வரை தொங்கும் ஒரு முரட்டுச் சட்டையைத் தவிர அவருக்கு வேறு உடை இல்லை. இரவில் சோளம் கொண்டுபோகும் சாக்கு ஒன்றைத் திருடி, அதற்குள் தலையை நுழைத்துக்கொண்டு, கால்கள் வெளியே கிடக்க, ஈர மண் தரையில் தூங்குவார். பனியில் பாதங்கள் வெடித்திருந்தன. எவ்வளவு ஆழமாக என்றால், தாம் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் பேனாவை அந்த வெடிப்புகளுக்குள் கிடத்தலாம் என்கிறார்.

தன்வரலாறு என்ற வகையைப் பற்றி நான் படித்த விளக்கங்கள் எல்லாவற்றையும் விட இந்த ஒரு வாக்கியம் எனக்கு அதிகம் கற்றுத் தந்தது. குளிரில் கிடந்த பையனும் மேசையில் அமர்ந்து எழுதும் மனிதரும் இதில் ஒன்றாக நிற்கிறார்கள். அவர் இரக்கம் கேட்கவில்லை. காயத்தை அளக்கிறார், அளவுகோலாக எழுதுகோலையே வைக்கிறார்.

அந்த எழுதுகோலுக்கு அவர் கொடுத்த விலையையும் குறித்து வைக்க வேண்டும். இவ்வளவு நன்றாகப் பேசுகிறவர் ஒருகாலும் அடிமையாக இருந்திருக்க முடியாது என்று கேட்டவர்கள் ஐயப்பட்டார்கள். அதற்குப் பதிலாகவே எசமானர்களின் பெயர்களையும் ஊர்களையும் மறைக்காமல் எழுதினார். எழுதியதால் பிடிபடும் ஆபத்து வந்தது; அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் போக நேர்ந்தது. அங்கிருந்த நண்பர்கள் 1846இல் 150 பவுண்டு கொடுத்து அவருடைய விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். தாம் யார் என்பதைச் சொன்னதற்காகவே தம்மை இழக்கும் நிலையில் அவர் நின்றிருக்கிறார்.

பிப்ரவரி 7, வெள்ளி

இரண்டாம் நூலைத் தொடங்கினேன். முதலில் தாயைத் தேடினேன்.

1845இல் அவர் எழுதியது மிகக் குறைவு. தாய் ஹாரியட் பெய்லி பன்னிரண்டு மைல் தொலைவில் வேறொருவரிடம் வேலைக்கு விடப்பட்டிருந்தார். பகலெல்லாம் வயலில் உழைத்துவிட்டு இரவில் நடந்து வந்து, விடிவதற்குள் திரும்பிவிடுவார். மகன் அவரைத் தாயென்று அறிந்து பார்த்தது நான்கைந்து முறைதான். அவர் இறந்த செய்தி, ஓர் அந்நியரின் சாவுச் செய்தியைப் போலவே தம்மை எட்டியது என்று டக்ளஸ் எழுதுகிறார்.

பத்தாண்டுகள் கழித்து அதே தாய் கையில் தின்பண்டத்தோடு வருகிறார். சமையற்கட்டை ஆண்ட கேட்டி என்பவள் சிறுவனை நாள் முழுவதும் பட்டினி போட்டிருந்தாள். அவன் சில சோள மணிகளை நெருப்பில் வாட்டிக்கொண்டிருக்கிறான். அந்த நேரத்தில் தாய் உள்ளே வந்து, கேட்டியைக் கண்டித்துவிட்டு, இதய வடிவில் செய்த இஞ்சிக் கேக் ஒன்றை மகனிடம் தருகிறார். தான் வெறும் குழந்தை இல்லை, யாரோ ஒருவரின் குழந்தை என்பது அன்றிரவு புரிந்தது என்கிறார் டக்ளஸ். தூங்கி விழித்தபோது தாய் போய்விட்டிருந்தார்.

எது உண்மை என்று கேட்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. முதல் நூல் அடிமைமுறைக்கு எதிரான குற்றப்பத்திரிகை. தாயிடமிருந்து பிள்ளையை எப்படிப் பிரித்தார்கள் என்று நிறுவ வேண்டிய இடத்தில் இஞ்சிக் கேக்குக்கு இடமில்லை. இரண்டாம் நூலை எழுதும்போது அவர் ஐந்து பிள்ளைகளுக்குத் தகப்பனாகியிருந்தார். தம் பிள்ளைகளுக்குப் பண்டம் கொடுத்த கைதான் தாயின் கையை நினைவுபடுத்தியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இந்நூல்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு தோழி, சுடச்சுடத்தானே பொன் ஒளிவிடும் என்றாள். நானும் பல மேடைகளில் கேட்டதுதான். வீட்டுக்கு வந்து குறளை எடுத்துப் பார்த்தேன். அது தவம் என்னும் அதிகாரத்தில் இருக்கிறது. துன்பம் சுடச்சுட ஒளிவிடுவது ‘நோற்கிற்பவர்க்கு’ என்றே வள்ளுவர் சொல்கிறார். தாமே விரும்பி ஏற்ற நோன்புக்குச் சொன்னதைப் பிறர் ஏவிய சாட்டையடிக்குப் பொருத்துவது பெரும் பிழை.

ஏனெனில் அடி என்ன செய்யும் என்பதை டக்ளஸே எழுதியிருக்கிறார். 1834இல், பதினாறு வயதில், அடிமைகளை ‘அடக்கித் தருவதில்’ பேர்போன எட்வர்ட் கோவி என்ற குத்தகைக்காரரிடம் ஓராண்டுக்கு விடப்பட்டார். முதல் ஆறு மாதத்தில் அடிபடாத வாரமே அரிது. அந்த ஆறு மாதம் அவரைப் புடம் போடவில்லை. அறிவு மங்கியது, படிக்கும் ஆசை போயிற்று, ஞாயிற்றுக்கிழமைகளில் மரத்தடியில் மிருகம்போல அரைத்தூக்கத்தில் கிடந்தேன் என்கிறார். ஆகஸ்டில் ஒருநாள் திருப்பிப் பிடித்தார். ஏறத்தாழ இரண்டு மணி நேரப் போராட்டம்; அதன்பின் கோவி அவர்மீது கை வைக்கவே இல்லை. தம்மை மனிதனாக்கியது அந்த நாள்தான் என்று மூன்று நூல்களிலும் எழுதுகிறார்.

ஆனால் இங்கும் ஒரு வேறுபாடு. முதல் நூலின் சண்டையில் கரோலின் இல்லை. இரண்டாம் நூலில், கோவிக்குச் சொந்தமான அந்த அடிமைப் பெண், உடல் வலிமை மிக்கவள், அவனைப் பிடி என்ற கட்டளைக்கு மறுத்து நிற்கிறாள். அதற்காக அவளும் அடி வாங்குகிறாள். அவள் பிடித்திருந்தால் டக்ளஸ் தோற்றிருப்பார். இருபத்தேழு வயதில் எழுதியவருக்குத் தாம் தனியே வென்றதாகச் சொல்வது தேவைப்பட்டது. முப்பத்தேழில், வெற்றியில் பங்குள்ள ஒருத்தியை அவரால் பெயர் சொல்லி அழைக்க முடிந்தது. கேக் கொடுத்த தாயும் மறுத்து நின்ற கரோலினும் ஒரே நூலில்தான் வந்து சேர்கிறார்கள்.

பிப்ரவரி 14, வெள்ளி

குறை ஒன்றையும் எழுதிவிட வேண்டும். பால்டிமோரில் அவர் தப்பிக்க உதவியவர் அன்னா மரே, சுதந்திரமாகப் பிறந்த கறுப்பினப் பெண். அதே மாதம் அவரை மணந்துகொண்டு, 1882இல் இறக்கும்வரை நாற்பத்து நான்கு ஆண்டுகள் உடன் வாழ்ந்தவர். மூன்று நூல்களிலும் அவருக்குக் கிடைப்பது சில வரிகள்தான். 1900இல் மகள் ரோசெட்டா தாயைப் பற்றித் தனியே எழுதிப் பேச வேண்டியிருந்தது. கரோலினை நினைவுகூர்ந்த அதே கை இங்கே நின்றுவிட்டதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

மூன்றாம் நூலில் 1877ஆம் ஆண்டை இன்று படித்தேன். டக்ளஸ் அப்போது தலைநகரான வாஷிங்டன் மாவட்டத்தின் மார்ஷல், அதாவது நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றும் அரசு அதிகாரி. தம்மைக் கோவியிடம் அனுப்பிய பழைய எசமான் தாமஸ் ஆல்டைப் பார்க்க செயின்ட் மைக்கேல்ஸுக்குப் போகிறார். எண்பதைக் கடந்த ஆல்ட் கைகள் நடுங்கப் படுக்கையில் கிடக்கிறார். ‘மார்ஷல் டக்ளஸ்’ என்று விளிக்கிறார். மார்ஷல் வேண்டாம், முன்போல் பிரெடரிக் என்றே அழையுங்கள் என்கிறார் இவர். இருவரும் அழுகிறார்கள். தப்பியோடியதைப் பற்றிக் கேட்டபோது, உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன் என்கிறார் ஆல்ட்.

இந்தச் சமரசத்தை அந்நாளில் பலர் விரும்பவில்லை. எனக்கும் படிக்கக் கடினமாகவே இருந்தது, அடுத்த சில வரிகள் வரும்வரை. ஏறத்தாழ அறுபது வயதாகி, நாடறிந்தவராகி, வாழ்க்கையை இரண்டு முறை எழுதி முடித்துவிட்ட அந்த மனிதர், சாகக் கிடக்கும் எசமானிடம், நான் பிறந்தது எப்போது என்று கேட்கிறார். உறுதியாகச் சொல்ல முடியாது, 1818 பிப்ரவரியாக இருக்கலாம் என்று ஆல்ட் பதில் சொல்கிறார். தாம் நினைத்திருந்ததைவிட ஒரு வயது குறைவு என்று டக்ளஸ் குறித்துக்கொள்கிறார்.