வரிசையும் ஒரு விலைதான்

இலவசமாகக் கொடுக்கும் இடத்தில் வரிசை இருப்பது ஒருவகையில் நல்லதுதான் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர் அந்த ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்தாளுநர் அம்மா. பொருளாதாரம் படித்தவர்களுக்குள் இது புதிய பேச்சு அல்ல. காசு வாங்காத இடத்தில் காத்திருப்புதான் விலை. வசதி உள்ளவர் அரை நாள் நிற்க மனமில்லாமல் தனியார் கிளினிக்குக்குப் போய்விடுவார். வேறு வழியில்லாதவர் நிற்பார். வருமானச் சான்றிதழ் எதுவும் கேட்காமலே அரசுப் பணம் சேரவேண்டியவரிடம் சேர்ந்துவிடும்.

அவர் மாத்திரை அட்டையைக் கத்தரித்தபடியே கேட்டார்: “வரிசையில் நிற்க முடியாதவர்கள்தான் சார் ரொம்பவும் முடியாதவர்கள். அவர்கள் உங்கள் கணக்கில் எந்தப் பக்கம் வருவார்கள்?”

வீட்டிலிருந்து வேறு யாராவது வந்து வாங்கிக்கொள்ளலாமே என்றேன். “வருகிறார்கள். ஆளைப் பார்க்காமல், பிரஷர் பார்க்காமல் எப்படிக் கொடுத்தீர்கள் என்று அடுத்த முறை நீங்கள்தான் வந்து கேட்பீர்கள்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே அடுத்த கை நீண்டிருந்தது, அதைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

நான் அங்கே போனது மருந்துச் செலவைப் பார்க்க. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் ஏற்பாட்டின் மீது எனக்கு அப்போதும் மரியாதை, இப்போதும் மரியாதை. 1994இல் தொடங்கப்பட்ட அந்தக் கழகம் மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக மருந்து வாங்குகிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக், அதில் ஒதுக்கிய தொகை, அந்தத் தொகைக்குள் மாவட்டக் கிடங்கிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். மேலிருந்து தள்ளிவிடும் மருந்து அல்ல, கீழிருந்து கேட்டு வாங்கும் மருந்து. வகுப்பில் பெருமையோடு சொல்லக்கூடிய விஷயம். ஆனால் தொகை இறுகும்போது என்ன நடக்கும் என்பதை அந்த ஜன்னலில்தான் பார்த்தேன். ஒரு மாத மாத்திரை பதினைந்து நாள் மாத்திரை ஆகிவிடுகிறது. பாஸ்புக்கில் மிச்சமாவது வரிசையில் இரட்டிப்பாகிறது.

பரிசோதனை நாள் என்றால் கேட்கவே வேண்டாம். வெறும் வயிற்றில் வந்து ஒரு முறை ரத்தம் கொடுத்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மறுபடி கொடுத்து, மருத்துவரைப் பார்த்து, மாத்திரை வாங்கிக் கிளம்பும்போது வெயில் உச்சிக்கு வந்துவிடும். அன்றைக்கு நூறு நாள் வேலைக்குப் பெயர் கொடுத்திருக்க முடியாது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை இலவசம், அந்த நாளின் கூலி இலவசம் அல்ல.

இது எனக்குத் தெரியாததா? 1970களில் அமெரிக்காவில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு காப்பீட்டுத் திட்டங்களில் சேர்த்துப் பார்த்த ஆய்வை எத்தனையோ தடவை பாடமாக நடத்தியிருக்கிறேன். கைக்காசு போகிறது என்றால் மக்கள் தேவையில்லாத சிகிச்சையை மட்டும் குறைப்பதில்லை, தேவையானதையும் குறைக்கிறார்கள். சராசரி ஆளின் உடல்நிலையில் பெரிய மாற்றம் தெரியவில்லை; ஆனால் ஏழைகளில் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இலவச சிகிச்சையே நன்மை செய்தது. விலைக்குப் பொருந்துவது வரிசைக்கும் பொருந்தும். அந்த அம்மா ராண்ட் ஆய்வைப் படித்திருக்க வாய்ப்பில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை.

ஆனாலும் என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். வரிசை வேண்டாம் என்றால் வேறு எதை வைத்துப் பிரிப்பது? 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தபோது ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் என்று வரம்பு வைத்தார்கள். அதற்குச் சான்று வேண்டும், சான்றுக்கு கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்கவேண்டும், அங்கேயும் ஒரு வரிசை. மருத்துவமனை வரிசையாவது நோய் உள்ளவர்களின் வரிசை. இந்த வாதத்தை இன்றைக்கும் யாரும் உடைத்துக் காட்டவில்லை.

நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு இரண்டு மாத மாத்திரை சேர்த்துக் கொடுக்கலாம் என்று அறிக்கையில் எழுதினேன். மாத்திரை வீணாகும், மெடிக்கல் ஷாப்புக்குப் போய்விடும், பிரஷர் ஏறினால் யாருக்கும் தெரியாது என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். மூன்றுமே நியாயமான கவலைகள். கடைசிப் பிரதியில் ‘பரிசீலிக்கலாம்’ என்ற சொல்லோடு அது நின்றது. அரசு அறிக்கைகளில் அந்தச் சொல்லின் ஆயுள் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும்.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. மாத்திரை வீட்டுக்கே போகிறது, சர்க்கரையும் பிரஷரும் வாசலிலேயே பார்க்கிறார்கள். நின்று வாங்க முடியாதவர்களும் கணக்கில் வந்துவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. சொந்த வீடும் ஓய்வூதியமும் உள்ளவருக்கும் அதே மாத்திரை போகுமே என்று எனக்குள் இருக்கும் பழைய ஆசாமி முணுமுணுக்கிறான். அதைவிட உறுத்துவது வேறொன்று: காத்திருப்பு ஒழியவில்லை, அது நடையாக மாறி ஊக்கத்தொகைக்கு வேலை செய்யும் பெண் தன்னார்வலரின் கால்களுக்குப் போயிருக்கிறது.

இப்போதெல்லாம் காத்திருப்பு நேரத்தைக் கூலியால் பெருக்கிச் செலவுப் பட்டியலில் சேர்க்கிறேன். அப்படிப் பெருக்கினால் கூலி வேலைக்குப் போக முடியாத கிழவியின் நேரத்துக்கு விலை பூஜ்யம் என்று வரும். அதைச் சமாளிக்க அவர்களுக்குக் கூலியில் பாதி என்று போடுகிறேன். எங்கள் துறையில் பலரும் இப்படி ஏதாவது ஒரு பின்னத்தைப் போடுவார்கள். ஏன் பாதி, ஏன் முழுதாகப் போடக்கூடாது என்று இதுவரை எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்கவில்லை. அந்த மருந்தாளுநர் அம்மா கேட்டிருப்பார்.