எஸ்தோனியாவை விட எங்கள் மாகாணத்தில் ஆட்கள் அதிகம்

வட ஐரோப்பாவில் இருக்கும் எஸ்தோனியாவின் சனத்தொகை ஏறத்தாழ 13 லட்சம். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் எங்கள் கிழக்கு மாகாணத்தின் சனத்தொகை 15 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேல். திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை மூன்றையும் கூட்டினால் ஒரு முழு எஸ்தோனியா வரும், அதற்கு மேலும் மிஞ்சும். "நாங்கள் சின்ன நாடு, அதிலும் சின்ன மாவட்டம், எங்களால என்ன ஏலும்?" என்று யாராவது சொன்னால் நான் இந்தக் கணக்கைத்தான் எடுத்து வைப்பேன்.

திருகோணமலை உவர்மலையில் வீட்டிலிருந்தபடியே ஒரு ஐரோப்பிய நிறுவனத்துக்கு மென்பொருள் சோதனை வேலை செய்கிறேன். மற்றவர்கள் எழுதும் கணினி நிரலில் வழு, அதாவது பிழை, எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடித்துச் சொல்வது என் வேலை. எங்கள் குழுவில் எஸ்தோனியத் தலைநகர் தாலினைச் சேர்ந்த ஒருவர் இருக்கிறார். என் வயதுதான். தன் பள்ளிக்கூடக் காலத்தைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டபிறகுதான் அந்த நாட்டைப் பற்றித் தேடித் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

1991இல் சோவியத்திலிருந்து பிரிந்தபோது அவர்களிடம் பெரிதாக எதுவும் இல்லை. பாதிப் பேர் வீட்டில் தொலைபேசியே கிடையாது. பின்லாந்து தன்னிடமிருந்த பழைய அனலொக் தொலைபேசி நிலையத்தை இலவசமாகத் தருகிறோம் என்றதாம், இவர்கள் வேண்டாம் என்று சொல்லி நேராக டிஜிட்டலுக்குப் போனார்களாம். அங்கே எல்லோரும் சொல்லும் கதை இது. 1996இல் சனாதிபதி லெனார்ட் மேரி 'புலிப் பாய்ச்சல்' என்ற திட்டத்தை அறிவித்தார். 2001 அளவில் நாட்டின் எல்லாப் பள்ளிக்கூடங்களுக்கும் இணையம் போய்விட்டது.

அதே 1996இல் நான் இங்கே ஆண்டு ஒன்றில் சேர்ந்தேன். தெருவுக்குத் தெரு சோதனைச்சாவடி. கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை, 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறித்தான் கடக்க வேண்டும். யுத்தத்துக்குள் இருந்த ஊரையும் யுத்தமில்லாத நாட்டையும் ஒப்பிட்டு யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் 2009இல் யுத்தம் முடிந்தது. அதே வருடம் கிண்ணியாப் பாலமும் திறந்தது. எஸ்தோனியா 1991இல் விடுதலையாகி 2003இல் ஸ்கைப்பை உலகத்துக்குக் கொடுத்தது. இடையில் 12 வருடம். எங்களுக்கு யுத்தம் முடிந்து அதைவிடக் கூடுதலான காலம் போய்விட்டது. இந்த இடத்தில் எனக்கு நெஞ்சு கனக்கும்.

புலிப் பாய்ச்சலைப் பற்றி இங்கே கதைக்கிறவர்கள் கணினி கொடுத்த கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் திட்டத்துக்கு மூன்று கால்கள் இருந்தன. கணினியும் இணையமும் ஒன்று, அதற்கான செலவில் உள்ளூராட்சி சபைகளும் பங்கு போட்டன. இரண்டாவது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி. கணினிப் பாட ஆசிரியருக்கு மட்டுமில்லை, வரலாறு, உயிரியல் படிப்பிக்கிறவர்களுக்கும். மூன்றாவது, எஸ்தோனிய மொழியிலேயே கற்றல் மென்பொருள். அந்த மொழியைப் பேசுகிறவர்கள் உலகம் முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 11 லட்சம் பேர். இலங்கைத் தமிழ் பேசும் மக்கள் அதைவிட எத்தனையோ மடங்கு. "எங்கட மொழிக்குச் சந்தை இல்லை, ஆங்கிலத்தில படிக்கட்டும்" என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

ஒரு விஷயத்தை நேராகச் சொல்ல வேண்டும். ஸ்கைப்பை எழுதியவர்கள் புலிப் பாய்ச்சல் வகுப்பில் படித்தவர்கள் இல்லை. அவர்கள் அதற்கு முந்திய தலைமுறை. தாலினில் 1960இலேயே சைபர்நெட்டிக்ஸ் ஆய்வு நிறுவனம் இருந்தது, கணிதமும் நிரலாக்கமும் தெரிந்த ஒரு கூட்டம் ஏற்கெனவே அங்கே இருந்தது. 2005இல் ஈபே 260 கோடி டொலருக்கு ஸ்கைப்பை வாங்கியது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி திரும்ப அந்த ஊருக்குள்ளேயே புதிய நிறுவனங்களில் இறங்கியது. ஸ்கைப்பின் முதல் ஊழியராக இருந்த டாவெட் ஹின்ரிகஸ்தான் பிறகு நாடுவிட்டு நாடு பணம் அனுப்பும் வைஸ் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர். அந்த நிறுவனங்கள் ஆள் தேடியபோதுதான் பள்ளிக்கூடத்தில் போட்ட விதை தெரிந்தது. 2013இல் மார்க்குஸ் வில்லிக், கைபேசியில் வாடகைக் கார் அழைக்கும் போல்ட் நிறுவனத்தைத் தொடங்கியபோது அவருக்கு வயது 19. அவர் படித்த காலத்தில் அங்கே எல்லாப் பள்ளிக்கூடத்திலும் இணையம் இருந்தது.

எங்கள் நாட்டிலும் ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 2003இல் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையம் சட்டப்படி உருவானது. நெனசல என்ற பொதுக் கணினி, இணைய நிலையங்கள் கிராமங்களுக்குப் போயின, 2014இல் அதற்கு கேட்ஸ் மன்றத்தின் விருதும் கிடைத்தது. தெற்காசியாவிலேயே முதலில் 3ஜி வந்தது இலங்கைக்குத்தான், 2006இல். இங்கே உருவான மிலேனியம் ஐடி என்ற மென்பொருள் நிறுவனத்தை 2009இல் லண்டன் பங்குச் சந்தை விலைக்கு வாங்கியது. இங்கே தொடங்கிய இன்னொரு நிறுவனமான டபிள்யூஎஸ்ஓ2வின் மென்பொருளை உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். மூளைக்கும் துணிவுக்கும் குறைவில்லை. ஆனால் இந்த நிறுவனங்கள் எல்லாமே கொழும்பிலும் அதைச் சுற்றியும்தான் வளர்ந்தன. திருகோணமலையின் எதிர்காலத்தைப் பற்றி யாராவது மேடையில் பேசினால் துறைமுகம், எண்ணெய்த் தாங்கிகள், சம்பூர் சூரிய மின்சாரம், நிலாவெளி ஹோட்டல்கள் என்று வரும். எல்லாம் தேவைதான். பிள்ளைகளின் தலைக்குள் இருப்பதை யாரும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

நான் படித்தது கோணேசபுரியில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில். கணினி விஞ்ஞானம். என்னோடு படித்தவர்களில் பெரும்பாலானோர் பட்டம் கையில் வந்த கையோடு கொழும்பு பஸ் ஏறினார்கள். நானும் ஏறினேன். வெள்ளவத்தையில் ஒரு அறை, மூன்று பேர். சம்பளத்தில் பாதி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடும். மாதத்துக்கு ஒருக்கா வெள்ளி இரவு ஊருக்கு வந்தால் ஞாயிறு இரவு திரும்ப பஸ். கொரோனா முடக்கத்தில் ஊருக்கு வந்தவள் அப்படியே தங்கிவிட்டேன்.

பொருளாதாரம் எனக்குப் புத்தகத்தில் புரியவில்லை, இந்த இடமாற்றத்தில்தான் புரிந்தது. நான் வெள்ளவத்தையில் இருந்தபோது என் சம்பளத்தில் சோறு சாப்பிட்டது அந்தத் தெரு. இப்போது அதே பணம் இங்கே ஏகாம்பரம் வீதிக் கடைகளுக்கும், எங்கள் வீட்டுக்கு மேல்மாடி கட்டிய மேசனுக்கும், நான் மீன் வாங்கும் திருக்கடலூர் அக்காவுக்கும் போகிறது. 2022இல் நாட்டின் உற்பத்தி 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது, ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியது, ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. அப்போது எங்கள் ஒழுங்கையில் வெளியிலிருந்து வருமானம் வந்த வீடுகள்தான் மற்றவர்களுக்கும் கைகொடுத்தன. முந்தி அது வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையின் பணமாக மட்டும் இருந்தது. மடிக்கணினியோடு ஊரிலேயே இருக்கிற பிள்ளையாலும் அது ஏலும் என்று அந்த வருடம் எங்கள் அம்மாவே சொன்னா. ஆனால் அதே வருடம் நாட்டில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட கடவுச்சீட்டுகள் கொடுக்கப்பட்டன. என்னோடு வேலை செய்தவர்களில் நல்ல நல்ல ஆட்கள் போய்விட்டார்கள். நான் அவர்களைப் பிழை சொல்ல மாட்டேன்.

சனிக்கிழமைகளில் எங்கள் சனசமூக நிலையத்தில் 10ஆம், 11ஆம் தரப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். பழைய மடிக்கணினிகள் சில, எல்லாவற்றிலும் உபுண்டு என்ற இலவச இயங்குதளம் போட்டிருக்கிறேன். சாதாரண தரப் பாடப்புத்தகத்தில் பாஸ்கல் என்ற நிரல் மொழி இருக்கிறது, அதையும் சொல்லிக் கொடுத்து, பக்கத்திலேயே பைதன் என்ற மற்ற நிரல் மொழியையும் காட்டுகிறேன். உயர்தரத்துக்குப் போனால் பைதன்தானே. கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வெருகல் பக்கத்துப் பிள்ளை ஒன்று இங்கே சித்தி வீட்டில் நின்று படிக்கிறது.

அந்த வகுப்பில் நான் பார்த்ததை எழுதத்தான் இவ்வளவும் சொன்னேன். 'வட்டி கணிக்கும் நிரல்' என்று பாடப்புத்தகப் பயிற்சி கொடுத்தால் பிள்ளைகள் பார்த்து எழுதிவிட்டுச் சும்மா இருக்கும். ஒருநாள் அவரவர் வீட்டுக் கணக்கு ஒன்றை நிரலாக எழுதிக் கொண்டுவரச் சொன்னேன். கரைவலை இழுக்கிறவரின் மகன் ஒருவன் பங்குக் கணக்கை எழுதிக்கொண்டு வந்தான். விற்ற காசிலிருந்து செலவைக் கழித்து, வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியின் பங்கை எடுத்து, மிச்சத்தை வலை இழுத்த ஆட்களுக்குப் பிரிக்க வேண்டும். பாதி நேரம் நின்றுவிட்டுப் போனவருக்கு வேறு கணக்கு. அவனுடைய அப்பா இதை ஒரு கொப்பியில் எழுதி வைப்பாராம். மகன் அதை நிபந்தனைகளாகவும், ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பச் செய்யும் மடக்குகளாகவும் பிரித்திருந்தான். பாதி நேர ஆளுக்கான நிபந்தனையில் வழு இருந்தது. அதை நானும் அவனும் சேர்ந்து தேடினோம், அவன்தான் முதலில் கண்டுபிடித்தான்.

"மிஸ், இத அப்பாட போன்ல போட ஏலுமா?" என்று கேட்டான்.

ஏலும். இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். திரையில் வரும் சொல் எல்லாம் தமிழில், அவர்கள் கரையில் சொல்கிற சொல்லிலேயே வேண்டும் என்று அவனே முடிவெடுத்தான். தன் மொழியில் யோசித்த பிள்ளைக்கு நிரலாக்கம் இவ்வளவு கெதியாகப் பிடிபடும் என்றால், ஏன் நாங்கள் தொழில்நுட்பத்தை ஆங்கில ரியூசனுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வைக்கிறோம்? ஆங்கிலம் வேண்டும். என் வேலை முழுக்க ஆங்கிலத்தில்தான் நடக்கிறது, தமிழ் மொழிமூலத்தில் படித்துவிட்டு வளாகத்துக்குப் போன முதல் மாதங்கள் எவ்வளவு கஷ்டம் என்றும் தெரியும். ஆனால் யோசிக்கப் பழகியவளுக்கு ஆங்கிலம் பிறகு வந்தது.

எஸ்தோனியாவும் இந்த விஷயத்தில் முழுதாக வெல்லவில்லை. அங்கே கால்வாசிப் பேரின் தாய்மொழி ரஷ்யன். 15 வயதுப் பிள்ளைகளுக்கான சர்வதேசப் பரீட்சையான பீசாவில், 2022இல், ஐரோப்பாவிலேயே முன்வரிசையில் நின்ற நாடு அது, ஆனால் உள்ளே பார்த்தால் ரஷ்ய மொழிப் பள்ளிக்கூடங்களின் பிள்ளைகள் எஸ்தோனிய மொழிப் பிள்ளைகளை விடப் பின்தங்கியே இருந்தார்கள். 2024இலிருந்து எல்லோரையும் எஸ்தோனிய மொழிக்கு மாற்றத் தொடங்கியிருக்கிறார்கள். சிறுபான்மை மொழியில் படித்தவள் என்ற முறையில் எனக்கு அந்தப் பிள்ளைகளை நினைத்தால் கவலைதான். நாங்கள் அங்கிருந்து எடுக்க வேண்டியது எது, விட வேண்டியது எது என்பதை இந்த இடத்தில் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இங்கே கையில் இருப்பது குறைவில்லை. பாடப்புத்தகங்கள் தமிழிலும் இலவசமாகத் தரவிறக்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத் தளத்தில் பாடங்கள் இருக்கின்றன. கொரோனா காலத்தில் நேத்ரா தொலைக்காட்சியில் தமிழில் பாடம் போனது. குறை ஆசிரியர் கிடைப்பதிலும் நிலைப்பதிலும் இருக்கிறது, ஆசிரியர்களில் பிழை இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் கணினி அறை இருக்கிறது, அதற்கு ஆசிரியர் இல்லாததால் பூட்டிக் கிடக்கிறது. இன்னொன்றில் ஒரு நல்ல ரீச்சர் இருந்தா, பிள்ளைகள் மாவட்டப் போட்டிக்குப் போகும் அளவுக்கு வந்தபோது இடமாற்றம் வந்தது. முடக்கக் காலத்தில் ஆசிரியர்கள் குறிப்பைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், தங்கள் சொந்தக் காசில் டேட்டா போட்டு. பிள்ளை ஒன்று என்னிடம் சொன்னது: "உம்மாட போன் ஒண்டுதான் மிஸ். நாங்க நாலு பேர். நான்தான் மூத்தது, அதனால கடைசி." கைபேசியில் பாடம் பார்க்கலாம், நிரல் எழுதிப் பழக விசைப்பலகை வேண்டும். ஒரு கணினி அறையைப் பின்னேரம் ஆறு மணி வரை திறந்து வைத்தால் இந்த நாலு பேருக்கும் இடம் கிடைக்கும்.

2025 ஏப்ரலிலிருந்து எங்களைப் போல வெளிநாட்டு நிறுவனத்துக்குச் சேவை செய்து டொலர் கொண்டுவருகிறவர்களுக்கு 15 சதவீதம் வரை வரி. நண்பர்கள் பலர் கோபப்பட்டார்கள். நான் கட்டுகிறேன், மனநிறைவோடுதான் கட்டுகிறேன். அந்தப் பணத்தில் ஒரு பங்கு மூதூரிலும் புல்மோட்டையிலும் பூட்டிக் கிடக்கும் கணினி அறைகளுக்குப் போக வேண்டும் என்று கேட்கிற உரிமை அதனால் எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அது நடக்கும் வரை சும்மா இருக்கவும் ஏலாது. இந்தத் துறையில் இருக்கிற திருகோணமலைப் பிள்ளைகள் இதை வாசித்தால், கொழும்பில் இருந்தாலும் மெல்பேர்னில் இருந்தாலும், உங்களிடம் இரண்டு உதவி கேட்கிறேன். அலுவலகத்தில் கழித்துவிடும் மடிக்கணினிகள் இருந்தால் ஊருக்கு அனுப்புங்கள். விசைப்பலகை வேலை செய்தால் போதும், மின்கலம் போனதென்றாலும் பரவாயில்லை. மற்றது, கிட், எஸ்கியூஎல், மென்பொருள் சோதனை, இப்படி நீங்கள் தினமும் செய்கிற ஒரு வேலையைத் தமிழில் பத்து நிமிடம் பேசிப் பதிந்து அனுப்புங்கள், வீட்டில் தம்பிக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. தரவுத்தளம் பற்றி வருகிற மாதம் தொடங்கப் போகிறேன், அதற்குத்தான் முதலில் தேவை.