சி3 கார்வெட்: பாதியில் நின்ற வலது ஹெட்லைட்

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு வலது ஹெட்லைட் முழுசாக எழுந்து நின்றது. மூன்று வார இறுதி இதிலேயே போயிற்று. சுவிட்சை இழுத்ததும் இடது பக்கம் டப்பென்று எழும்பும். வலது பக்கம் பாதி தூரம் வந்து அப்படியே நிற்கும். வண்டி 1976 மாடல் செவ்ரலே கார்வெட், மூன்றாம் தலைமுறை, அதனால்தான் சி3 என்கிறோம். எல்48 என்ஜின், 180 குதிரைத்திறன். நான் வாங்கிய நாளிலேயே இந்தக் குறை இருந்தது. முன்பு வைத்திருந்தவர், "கொஞ்சம் கையால் தூக்கிவிட்டால் போதும்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்.

சி3-யில் ஹெட்லைட் மூக்குக்குள் ஒளிந்திருக்கும், என்ஜின் காற்றை உறிஞ்சும் விசைதான் (வேக்குவம்) ஹோஸ் வழியாக அதை ஏற்றி இறக்கும். சி3 வைத்திருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. நான் எங்கே ஏமாந்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன், இன்னொருவருக்கு மூன்று வாரம் மிச்சமாகட்டும்.

முதல் வாரம் ஆக்சுவேட்டர், அதாவது வேக்குவத்தை வாங்கி ஹெட்லைட்டைத் தள்ளுகிற டப்பா. உள்ளே டயாஃப்ரம் என்ற ரப்பர் தடுப்பு, அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஹோஸ். வேக்குவம் கைப்பம்பை மாட்டி, பாதரச அளவில் 18 அங்குலம் வரை இழுத்தேன். ஒரு பக்கம் ஐந்து நிமிடம் கழித்தும் முள் அசையவில்லை. தண்டு வெளியே வருகிற பக்கம் ஒரே நிமிடத்தில் 10-க்கு இறங்கிவிட்டது. தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் காய்ந்து, தொட்டால் உதிர்கிற நிலையில் இருந்தது. மாற்றினேன். இப்போது இரண்டு பக்கமும் கல் மாதிரிப் பிடித்தது. கூட்டி மாட்டி சுவிட்சை இழுத்தால், அதே பாதி.

இரண்டாவது வாரம் ரிலே, அதாவது வேக்குவத்தை ஆக்சுவேட்டரின் எந்தப் பக்கம் அனுப்புவது என்று திருப்பிவிடுகிற வால்வு. புதிதாக வாங்கியது பெட்டியைப் பிரித்த அன்றே கசிந்தது. கடை பெயர் வேண்டாம். பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள், ஆனால் ஒரு வாரம் போனது போனதுதான். புதிதாகச் செய்து விற்கிற வேக்குவம் சாமான் எதுவானாலும் வண்டியில் மாட்டுவதற்கு முன்னால் மேஜையிலேயே பம்பை வைத்துச் சோதித்துவிடுங்கள். என் வண்டியில் இருந்த பழைய ரிலே அதைவிட நன்றாகவே பிடித்தது. வேக்குவம் டேங்க், காற்றை ஒரே திசையில் விடுகிற செக் வால்வு, சுவிட்ச் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எதிலும் கசிவு இல்லை. எல்லாம் சரியாக இருந்தும் ஹெட்லைட் மட்டும் பாதியில் நின்றது.

இங்கேதான் என் புத்தி தடம் மாறியிருந்தது. கைப்பம்பு கசிவைக் காட்டும், அடைப்பைக் காட்டாது. ஓட்டை இல்லாத ஹோஸ் நடுவில் நசுங்கியிருந்தாலும் முள் அசையாமல்தான் நிற்கும், இன்னும் நன்றாகவே நிற்கும்! நான் மூன்று வாரமும் கசிவையே தேடிக்கொண்டிருந்தேன்.

நேற்று என்ஜினை ஓடவிட்டு வலது ஆக்சுவேட்டரின் இரண்டு ஹோஸையும் கழற்றினேன். ஹெட்லைட்டைக் கையால் தூக்கினால் லேசாக வந்தது, இறுக்கம் எதுவும் இல்லை. பிறகு திறப்பதற்கு இழுக்கிற ஹோஸை மட்டும் மாட்டினேன், மற்றதை மாட்டாமல் அந்த வாயைத் திறந்தே விட்டேன். சுவிட்சை இழுத்தேன். இடது பக்கத்தைவிட வேகமாக எழும்பியது.

ஆக்சுவேட்டருக்குள் ஒரு பக்கம் காற்றை உறிஞ்சும்போது மறுபக்கம் காற்று உள்ளே வந்தாக வேண்டும். வராவிட்டால் அந்தப் பக்கமும் வேக்குவம் ஆகி, டயாஃப்ரத்தைப் பின்னால் பிடித்து இழுக்கும். அதாவது மூச்சு விட வேண்டிய ஹோஸ் எங்கோ மூடிக்கொள்கிறது, அதுவும் ஹெட்லைட் பாதி எழுந்த பிறகுதான்.

டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, கையால் ஹெட்லைட்டை மெதுவாகத் தூக்கியபடியே உள்ளே பார்த்தேன். யாரோ ஒரு காலத்தில் ஹோஸை மாற்றியபோது ஹெட்லைட்டைத் தூக்குகிற கம்பி இணைப்புக்கு (லிங்கேஜ்) வெளியே போக வேண்டியதை உள்ளே விட்டிருக்கிறார்கள். மூடியிருக்கும்போது தொடவே தொடாது. பாதி தூரம் எழுந்ததும் லிங்க் கம்பி நேராக ஹோஸ் மேல் வந்து உட்காருகிறது. அந்த இடத்தில் விரல் நக அகலத்துக்கு ரப்பர் தட்டையாகி, வழுவழுவென்று மின்னியது. எந்த ஹோஸ் எது என்று காட்ட அதன் மேல் போட்டிருக்கும் நிறக் கோட்டின் பெயிண்டும் அங்கே மட்டும் தேய்ந்து போயிருந்தது. ஹோஸை வெளிப்பக்கமாக எடுத்துச் சென்று கிளிப் போட்டேன், அவ்வளவுதான். பதினைந்து தடவை ஏற்றி இறக்கினேன், ஒரு தடவைகூடத் தவறவில்லை.

இந்தத் தொல்லைக்கு நடுவில், போன மாதம் நண்பர்கள் வண்டி நிறுத்தியிருந்த இடத்தில் ஒவ்வொரு தலைமுறை கார்வெட்டின் ஹெட்லைட்டையும் ஏற்றி இறக்கிப் பார்த்தோம். கார்வெட் தலைமுறைகளை ஒப்பிடுகிறவர்கள் குதிரைத்திறனில்தான் ஆரம்பிப்பார்கள். நான் ஹெட்லைட்டில் ஆரம்பிக்கச் சொல்வேன்.

1953-இல் ஃப்ளின்ட்டில் செய்த முதல் 300 வண்டியிலும் ஹெட்லைட் நிலையாகத்தான் இருந்தது, மேலே கம்பி வலையோடு. 1958-இல் இரண்டு நான்காயிற்று. இரண்டாம் தலைமுறையான சி2 வந்த 1963-இல்தான் மூடி மறைக்க ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி குறிப்பிட்ட அளவுள்ள சீல்டு பீம் விளக்கைத்தான் (கண்ணாடியும் பல்பும் ஒரே துண்டாக மூடியது) போட முடியும். கூர்மையான மூக்கு வேண்டும், ஆனால் வட்ட விளக்கை நட்டமாக நிறுத்தியும் ஆக வேண்டும் என்றால், விளக்கை ஒளித்து வைப்பதைத் தவிர வழியில்லை. சி2-வில் இரண்டு பக்கமும் மின் மோட்டார். அங்கே நின்ற 1966 வண்டியில் டேஷ்போர்டுக்குக் கீழே விளக்கைத் திருப்புவதற்கென்றே தனி சுவிட்ச். 'ர்ர்ர்' என்று சுழன்று, நடுங்காமல் நின்றது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

மோட்டார் கைவசம் இருந்தும் 1968-இல் சி3-க்கு ஏன் வேக்குவத்துக்குப் போனார்கள் என்று எனக்கு இன்றும் ஆதங்கம்தான். 1972 வரை வைப்பரை மூடுகிற கதவுக்கும் அதே வேக்குவம். என் 76-இல் அந்தக் கதவு இல்லை, அந்த மட்டில் நிம்மதி. 1984-இல் சி4 மறுபடி மோட்டாருக்கு வந்தது. விளக்கு அப்படியே உருண்டு புரண்டு வெளியே வரும், பார்க்க அழகு. ஆனால் உள்ளே இருக்கிற பிளாஸ்டிக் புஷ் தூளாகிப் போனால் மோட்டார் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். சி5-இல் பிளாஸ்டிக் கியர் பல் தேய்ந்து போகும். பித்தளை கியர் போட்டால் அந்தப் பிரச்சினை தீர்ந்தது, 2002 வண்டி வைத்திருக்கும் நண்பர் அதைத்தான் செய்திருக்கிறார். 2005-இல் சி6 வந்ததும் விளக்கு மறுபடியும் வெளியே தெரிய ஆரம்பித்தது. 1962-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

ஓட்டிப் பார்த்தால் சி5-தான் நல்ல வண்டி, சந்தேகமே இல்லை. கியர்பாக்ஸைப் பின்னால் கொண்டுபோய் வைத்ததில் எடை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமமாக உட்கார்ந்து, வளைவில் நம்பி விடலாம். ஆனாலும் இருட்டின பிறகு கராஜில் என்ஜின் ஓடும்போது உஸ்ஸென்று காற்று இழுபட்டு, இரண்டு மூடியும் முன்னே பின்னே எழும்புகிற அழகு சி3-க்கு மட்டும்தான். என்ஜினின் மூச்சிலேயே கண் திறக்கிறது. எனக்கு அது வேண்டும்.

ஆகஸ்டில் டெட்ராய்ட் பக்கம் வுட்வர்டு அவென்யூவில் பழைய கார்கள் அணிவகுக்கும் நாளுக்குள் இன்னும் வேலை நிறைய இருக்கிறது. டி-டாப், அதாவது கழற்றி எடுக்கிற கூரைப் பலகைகளின் ரப்பர் மாற்ற வேண்டும், போன மழையில் பயணி இருக்கையின் ஓரம் நனைந்துவிட்டது. ஸ்டீயரிங் வேறு. 1976-இல் மட்டும் செவ்ரலேயின் மலிவான சின்ன வண்டியான வேகா காரின் நாலு கம்பி ஸ்டீயரிங்கையே இதிலும் போட்டார்கள். கார்வெட்டில் உட்கார்ந்து அதைப் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை. 1977 மாடலின் மூன்று கம்பி வீல் ஒன்று பழைய சாமான் விற்பவரிடம் இருக்கிறது, தோலில் விரிசல் இல்லாவிட்டால் வாங்கிவிடுவேன். அதற்கு முன்னால் ஹோஸ் முழுவதையும் கோட்டின் நிறம் பார்த்துப் புதிதாகப் போட வேண்டும். பழையதை ஒவ்வொன்றாகக் கழற்றி அந்த இடத்திலேயே புதியதை மாட்டப் போகிறேன். மொத்தமாகக் கழற்றினால் நானும் லிங்கேஜுக்கு உள்ளே விட்டுவிடக்கூடும்.

இப்போதைக்கு வலது மூடி இறங்கியதும் பானட்டைவிட இரண்டு மில்லிமீட்டர் உயரமாக நிற்கிறது. இத்தனை நாள் பாதியில் நின்றதால் அது கண்ணிலேயே படவில்லை. நிறுத்து போல்ட்டைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். சனிக்கிழமை காலை அதுதான் வேலை.