சிடி டிரைவ் இல்லாத திங்க்பேட் எக்ஸ்40-இல் டெபியன் 12: லேன் கேபிள் வழியாக ஏற்றியபோது

2004-இல் ஐபிஎம் வெளியிட்ட எக்ஸ்40-இல் சிடி டிரைவும் கிடையாது, ஃபிளாப்பியும் கிடையாது. டிரைவ் வேண்டுமென்றால் அடியில் மாட்டும் அல்ட்ராபேஸ் வேண்டும். பழைய சாமான் சந்தையில் அதற்குச் சொல்லும் விலைக்கு இன்னொரு லேப்டாப்பே வாங்கிவிடலாம். பென்டிரைவை அந்தக் காலத்து பயாஸ் எடுத்தால் உண்டு. எடுக்காவிட்டால் கருப்புத் திரையில் கோடு மினுக்கிக்கொண்டே இருக்கும். மிச்சமிருப்பது பிஎக்ஸ்இ, அதாவது லேன் வழியாகவே கோப்புகளை இறக்கி எழும் நெட்வொர்க் பூட். எஃப்12 அழுத்தினால் பட்டியலில் அது இருக்கிறது.

தேவை: லினக்ஸ் ஓடும் இன்னொரு கணினி, அதில் பூட் கோப்புகளை அனுப்பும் சிறு நிரலான டிஎன்எஸ்மாஸ்க், டெபியன் என்ற லினக்ஸ் வகையின் ஐ386 (32 பிட்) நெட்பூட் தொகுப்பு, இரண்டு லேன் கேபிள். எக்ஸ்40 ஒரு 32 பிட் கணினி. டெபியன் 13-இல் 32 பிட் இன்ஸ்டாலரே கிடையாது, ஆகவே 12-ஐத்தான் எடுக்க வேண்டும்.

முதல் முட்டுக்கட்டை ரவுட்டர். பூட் கோப்பின் பெயரை டிஹெச்சிபி (கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் முறை) வழியாகச் சொல்ல வேண்டும். இணைய நிறுவனம் மாட்டிவிட்டுப் போன ரவுட்டரில் அந்த அமைப்பையே பூட்டி வைத்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் சேவையில் கேட்பது வீண், ஃபோன் பில்தான் ஏறும். ரவுட்டரைத் தொடாமலே செய்ய வழி இருக்கிறது: டிஎன்எஸ்மாஸ்க்கை ப்ராக்ஸி முறையில் ஓட்டுங்கள். ஐபி முகவரியை ரவுட்டர் கொடுக்கும், கோப்பின் பெயரை மட்டும் நம் கணினி சொல்லும். கேபிளை இரண்டு கணினிகளுக்கும் நடுவே நேரடியாகப் போடலாமே என்று தோன்றும். ஐபி முகவரியையும் நம் கணினியே கொடுத்தால் பூட் ஆகும், ஆனால் இணையம் வராது. நெட்பூட் இன்ஸ்டாலருக்கு இணையம் இல்லாமல் ஒன்றும் நடக்காது. இரண்டையும் ரவுட்டரிலேயே சொருகுங்கள்.

உபுண்டுவில் டிஎன்எஸ்மாஸ்க் கிளம்பாமல் அடம்பிடித்தால், டிஎன்எஸ்ஸுக்கான (இணையப் பெயரை முகவரியாக மாற்றும் சேவை) 53-ஆம் போர்ட்டை உபுண்டுவின் சிஸ்டம்டி பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். நமக்கு டிஎன்எஸ் வேலையே தேவையில்லை. அமைப்புக் கோப்பில் போர்ட் மதிப்பை 0 என்று போட்டால் தீர்ந்தது.

இனி எல்லாப் பிழையும் பூட் ஆகும் அந்த முதல் நிமிடத்தில்தான். திரையில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அதுவே பாதி வைத்தியம். ஈ61 என்றால் கேபிள். ஈ51 என்றால் டிஹெச்சிபி பதிலே வரவில்லை. ஈ53 என்றால் ரவுட்டர் பதில் சொல்லிவிட்டது, நம் ப்ராக்ஸி வாய் திறக்கவில்லை. ஈ55 என்றால் ப்ராக்ஸியின் 4011-ஆம் போர்ட்டிலிருந்து பதில் இல்லை. அநேகமாக ஃபயர்வால் அடைத்திருக்கும். ஈ32 என்றால் டிஎஃப்டிபி (பூட் கோப்பை அனுப்பும் சேவை) பதில் சொல்லவில்லை, யுடிபி 69-ஐப் பாருங்கள். வேலை முடியும்வரை ஃபயர்வாலை நிறுத்தி வைப்பதே நிம்மதி.

இதையெல்லாம் தாண்டியும் 'எல்டிலினக்ஸ் கோப்பை (பூட் லோடரின் ஒரு பகுதி) ஏற்ற முடியவில்லை' என்று நின்றால், குற்றவாளி நெட்பூட் தொகுப்பை விரித்த விதம். அதில் பல கோப்புகள் வெறும் சிம்பாலிக் லிங்க், அதாவது வேறு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி. விண்டோஸில் விரித்தாலோ, ஃபேட் பென்டிரைவில் நகலெடுத்துக் கொண்டுவந்தாலோ அவை காணாமல் போய்விடும். டிஎஃப்டிபி ஃபோல்டருக்குள்ளேயே டார் கட்டளையால் விரியுங்கள்.

அடுத்து, எப்போதோ இறக்கி வைத்த நெட்பூட் தொகுப்பை எடுக்காதீர்கள். இன்ஸ்டாலர் தன் கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) மாட்யூல்களை மிரரிலிருந்து, அதாவது டெபியனின் பதிவிறக்கத் தளத்திலிருந்து, இறக்குகிறது. இடையில் கர்னல் பதிப்பு மாறியிருந்தால் 'மாட்யூல்கள் கிடைக்கவில்லை' என்று கைவிரித்துவிடும். ஏற்றும் அன்றே புதிதாக இறக்குவது நல்லது.

இந்த லேப்டாப்பின் ப்ராசஸரான பென்டியம் எம் தன்னிடம் பிஏஇ (4 ஜிபிக்கு மேல் நினைவகத்தை எட்டும் வசதி) இருப்பதாகக் காட்டிக்கொள்ளாது. அதனால் பல லினக்ஸ் விநியோகங்கள் தொடக்கத்திலேயே மறுத்துவிடும். உபுண்டு 14.04 வகையறாவில் ஃபோர்ஸ்பிஏஇ என்று பூட் வரியில் சேர்த்தால்தான் நகரும். டெபியனில் பிஏஇ இல்லாத 686 கர்னல் தனியாக இருப்பதால் இந்தத் தலைவலி இல்லை.

பார்ட்டிஷன், கடவுச்சொல், கிரப் எல்லாம் வழக்கம்போல. டெஸ்க்டாப் கேட்கும்போது க்னோம் வேண்டாம். எல்எக்ஸ்டிஇ போதும், 512 எம்பி ராமில் அதுவே திணறும்.

வைஃபை கார்டு இன்டெல் 2200-ஆக இருந்தால் ஃபர்ம்வேர் (கார்டை இயக்கும் உள் நிரல்) வேண்டும். நெட்பூட் தொகுப்பில் அது இருக்காது. ஏற்றி முடித்தபின், கேபிள் இருக்கும்போதே, டெபியன் தொகுப்புப் பட்டியலில் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பிரிவைச் சேர்த்து ஐபிடபிள்யூ2எக்ஸ்00 ஃபர்ம்வேரை நிறுவுங்கள். நடுவில் உரிம ஒப்பந்தம் கேட்கும். யோசிக்காமல் என்டரைத் தட்டி மறுத்துவிட்டால் நிறுவல் தோற்றுப்போகும். ரவுட்டரின் வைஃபை பாதுகாப்பில் டபிள்யூபிஏ3 மட்டும் வைத்திருந்தால் இந்தக் கார்டு சேராது, டபிள்யூபிஏ2-வையும் திறந்து வையுங்கள்.

பயாஸில் பூட் வரிசையை மாற்ற வேண்டாம், எஃப்12 போதும். மாற்றினால் அடுத்த முறையும் இன்ஸ்டாலரே வந்து நிற்கும். வேலை முடிந்ததும் டிஎன்எஸ்மாஸ்க்கை நிறுத்திவிடுங்கள். அலுவலக நெட்வொர்க்கில் மறந்து விட்டுவிட்டால், லேன் பூட் முதலில் இருக்கும் பக்கத்து மேசைக் கணினியும் காலையில் டெபியன் இன்ஸ்டாலரோடுதான் எழும்.