சிறுநீரில் ஈயம் அளப்பது: பாட்டிலில் தொடங்கும் வேலை

ஈய பாதிப்பைக் கண்டுபிடிக்க முதலில் கேட்க வேண்டியது ரத்தப் பரிசோதனைதான். ரத்தத்திலுள்ள ஈயத்தில் ஏறக்குறைய 99 சதவீதம் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். பிளாஸ்மாவில் (ரத்தத்தின் திரவப் பகுதியில்) இருக்கும் கொஞ்சநஞ்சம்தான் சிறுநீரகத்தில் வடிகட்டப்படும்; அதனால்தான் சிறுநீருக்கு இரண்டாவது இடம். ஆனாலும் டெட்ராஎத்தில் ஈயம் (பெட்ரோலில் கலக்கப்பட்ட ஈயச் சேர்மம்) கையாளுகிறவர்களுக்கும், ஈடிடிஏ, டிஎம்எஸ்ஏ போன்ற மருந்து கொடுத்து ஈயத்தை வெளியேற்றும் சிகிச்சையில் எவ்வளவு போகிறது என்று பார்ப்பதற்கும் சிறுநீர் பயன்படும்.

அளக்கப்போவது லிட்டருக்குச் சில மைக்ரோகிராம். ரிசல்ட் எக்கச்சக்கமாக வந்தால் மெஷினைக் குறை சொல்வதற்கு முன் பாட்டிலைப் பார்க்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் பாலிஎத்திலீன் பாட்டிலை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் இரவு முழுக்க ஊறவைத்து, டீஅயனைஸ்டு (அயனிகள் நீக்கிய) நீரில் பல தடவை அலசி, தூசி படாமல் உலர்த்துகிறோம். கலர் மூடி வேண்டாம், நிறமியிலிருந்தே உலோகம் இறங்கும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பாட்டிலில் வெறும் நீர்த்த அமிலத்தை ஊற்றிச் சோதித்த பிறகுதான் மற்றவற்றை வெளியே அனுப்புகிறோம்.

பேட்டரி, பெயின்ட் வேலை செய்பவர்கள் வேலை உடுப்போடு பணியிடக் கழிப்பறையில் சாம்பிள் எடுத்தால் சட்டைத் தூசியும் சேர்ந்தே உள்ளே விழும். குளித்து, உடை மாற்றி, கை கழுவிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். மூடியின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. 24 மணி நேரச் சேகரிப்பில் முதல் நாள் காலைச் சிறுநீரை விட்டுவிட்டு, மறுநாள் காலையது வரை முழுவதும் சேர்க்க வேண்டும். இடையில் ஒரு தடவை விட்டாலும் மொத்தக் கணக்கு குறைந்துவிடும். ஒற்றை சாம்பிள் என்றால் க்ரியாட்டினினும் (சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று காட்டும் தசைக் கழிவு) பார்த்து, அதன் ஒரு கிராமுக்கு எவ்வளவு ஈயம் என்று எழுதுகிறோம். க்ரியாட்டினின் லிட்டருக்கு 0.3 கிராமுக்குக் கீழோ 3 கிராமுக்கு மேலோ இருந்தால் வேறு சாம்பிள்தான்.

ஃபிரிட்ஜில் வைத்த சிறுநீரில் உப்புகள் அடியில் படியும். ஈயமும் அதோடு இறங்கும். மேலே தெளிந்திருப்பதை மட்டும் பிப்பெட்டில் எடுத்தால் ரிசல்ட் குறைவாக வரும். அறை வெப்பத்துக்கு வந்ததும் நன்றாகக் குலுக்கிவிட்டு எடுக்க வேண்டும். உலோகம் கலக்காத நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச் 2-க்குக் கீழே வைத்தால் ஈயம் பாட்டில் சுவரில் ஒட்டாது. டெல்டா அமினோலெவுலினிக் அமிலமும் (ஈய பாதிப்பில் சிறுநீரில் கூடும் பொருள்) கேட்டிருந்தால், அதற்கு வெளிச்சம் படாத தனிப் பாட்டில். அது நார்மல் என்பதால் ஈயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது; பெரியவர்களுக்கு ரத்த ஈயம் டெசிலிட்டருக்கு சுமார் 40 மைக்ரோகிராமைத் தொடும்போதுதான் அது தெளிவாக ஏறும்.

உலோக அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் ஐசிபி-எம்எஸ் கருவியில் 10 மடங்கு நீர்த்து ஓட்டுகிறோம். ஈயத்தின் ஐசோடோப் (எடை மட்டும் வேறுபடும் அணு வகை) விகிதம் தாதுவுக்குத் தாது மாறும் என்பதால் 206, 207, 208 எடையுள்ள மூன்றையும் கூட்டித்தான் கணக்கு. ஒப்பீட்டுக்கு, தெரிந்த அளவு பிஸ்மத் என்ற உலோகத்தைச் சாம்பிளில் சேர்க்கும் வழக்கம் உண்டு. வயிற்றுக்கு பிஸ்மத் மருந்து சாப்பிடுகிறவரின் சிறுநீரில் அதுவும் வெளியேறுவதால் ஒப்பீட்டு சிக்னல் எகிறி, ஈயம் பொய்யாகக் குறையும். அப்போது ஒப்பீட்டுக்கு இரிடியம் என்ற உலோகத்துக்கு மாறுவோம்.

ஈயத்தை வெளியேற்றும் மருந்தைக் கொடுத்துவிட்டு உடனே எடுத்த சிறுநீரை, மருந்தே சாப்பிடாதவர்களின் நார்மல் அளவோடு ஒப்பிட்டு ‘விஷம் ஏறியிருக்கிறது’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மருந்து கொடுத்தால் யாருக்கும் அளவு ஏறத்தான் செய்யும். இந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்க மருத்துவ நச்சியல் கல்லூரி 2010-லேயே சொல்லிவிட்டது. அதனால், அந்த மருந்தின் கடைசி டோஸ் எப்போது என்ற கட்டம் காலியாக வரும் படிவத்தை நாங்கள் திருப்பி அனுப்பிவிடுகிறோம்.